பெஞ்சு ஓரத்தில் நான் அடித்த கட்டை

என் முட்டாள்தனத்துக்கு நீளம் உண்டு, அகலமும் உண்டு. நீளம் ஒன்றரை முழம், அகலம் இரண்டு விரல். ரப்பர் மரச் சட்டம். அதை என் கையாலேயே இழைத்து, என் வேலை பெஞ்சின் இடது ஓரத்தில் மூன்று ஆணி வைத்து அடித்தேன். அடித்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்று ரசிக்கவும் செய்தேன். பெஞ்சில் வைத்த திருகாணி, ஸ்பிரிங், பென்சில் எல்லாம் இடது பக்கமாக உருண்டு கீழே விழுந்துகொண்டே இருந்தன. கட்டை அடித்த பிறகு ஒன்றும் விழவில்லை. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பல வருஷம் சந்தோஷமாக வாழ்ந்தேன்.

துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதச் சொன்னார்கள். சாதனையாக ஏதாவது எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். சாதனை ஒன்று கைவசம் இருக்கிறது. ஒரு பழைய ராணுவ ரைபிளுக்குப் புதுக் குழல் மாட்டியது. ஆனால் அந்தச் சாதனைக்குப் போகும் வழி அந்தக் கட்டையைத் தாண்டித்தான் போகிறது. சுற்று வழி கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலா சிலாங்கூர் சந்தைக்குப் பின்னால் எங்கள் பட்டறை. பட்டறை என்றால் பெரிய கட்டடம் இல்லை, தவுக்கேயின், அதாவது முதலாளியின், வீட்டுப் பின்பக்கச் சமையலறைதான். அவர் அம்மா இருந்த காலத்தில் அங்கே மீன் கழுவுவார்கள், கோழி உரிப்பார்கள். அம்மா போன பிறகு அடுப்பை இடித்துவிட்டு, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டு, கதவுக்கு இரட்டைப் பூட்டு வைத்து, அதைப் பட்டறையாக்கினார். உரிமம் அவர் பெயரில். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு துப்பாக்கி உள்ளே வந்தாலும் பதிவு, வெளியே போனாலும் பதிவு. உரிமம் இல்லாமல் இந்த வேலையைத் தொட்டால் இந்த நாட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருந்தால், தயவுசெய்து வேறு தொழில் பாருங்கள்.

தவுக்கே சீனர். ஆனால் அவருடைய அப்பா தோட்டத்தில் கடை வைத்திருந்தவர். லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்ததால் அவர் பேசும் தமிழ் என் தமிழைவிடச் சுத்தமான தோட்டத் தமிழ். ராணுவத்தின் ஆயுதக் கிடங்கில் பல வருஷம் வேலை செய்தவர். பேச்சு குறைவு. வேலை பிடித்தால் "நல்லாருக்கு" என்பார், பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வேலையைத் திரும்ப என் முன்னால் வைப்பார்.

நான் எங்கிருந்து வந்தேன் என்றால், தோட்டத்து டிராக்டர் பட்டறையிலிருந்து. எனக்குத் தெரிந்த அளவுகள் இரண்டே இரண்டு. ஒன்று இறுகியது, மற்றது இன்னும் இறுகியது. ஸ்பேனரில் குழாயை மாட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து நட்டு முடுக்கிய பரம்பரை. தவுக்கே என்னை வேலைக்குச் சேர்த்த முதல் வாரத்திலேயே, ஒரு சின்னத் திருகாணியின் தலையைத் திருகி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உடல் உள்ளேயே இருந்தது. அவர் அந்தத் தலையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நான் எதையாவது வேகமாக முடுக்கப் போகும்போதெல்லாம் பையைத் தட்டிக் காட்டுவார். அவ்வளவுதான் எங்கள் பாடத்திட்டம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று, நானே ஒரு பெஞ்சு செய்தேன். கனமான பலகை, நாலு கால். நாலு காலையும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே உயரத்தில் அறுத்தேன். அளந்து அளந்து அறுத்தேன். சமையலறைத் தரையில் வைத்தபோது கொஞ்சம்கூட ஆடவில்லை. தவுக்கே அதன்மேல் கையை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அன்று இரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைப் பலமுறை சொன்னேன். அவள் சோறு போட்டாள்.

அதன்பிறகுதான் பொருள்கள் உருள ஆரம்பித்தன. அதன்பிறகுதான் கட்டை.

எங்களிடம் வந்த வேலை பெரும்பாலும் தோட்டத்துத் துப்பாக்கிகள். காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்ட உரிமத்தோடு வைத்திருக்கும் ஷாட்கன்கள். அவற்றின் குழல் நுனியில் குறி பார்க்க ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் இருக்கும், அவ்வளவுதான். சுட்டால் ஒரு கைப்பிடி குண்டுகள் பரவிப் போகும். பன்றி எங்கே நின்றாலும் ஏதோ ஒன்று அதைத் தேடிக்கொண்டு போய்விடும். அந்த வேலைகளை அந்தப் பெஞ்சில் வைத்து எத்தனையோ செய்தேன். ஒரு புகாரும் வந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் வரவில்லை என்பதற்கும் வேலை சரி என்பதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் உண்டு. நான் அதில்தான் குடியிருந்தேன்.

அப்படி இருக்கும்போது டீச்சர் வந்தார்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். நாற்பதைத் தாண்டிய வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயம், அது முடிந்ததும் ரைபிள் கிளப். சேமப்படையில் இருந்தபோது சுடக் கற்றுக்கொண்டாராம். எங்கள் வட்டாரத்துத் தோட்ட மேனேஜர்களும் அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய கிளப் அது. அதில் ஒரே பெண். கிளப்பின் ரைபிள்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கடைசியாக மிஞ்சியது கிடைத்தது. ராணுவம் வேண்டாம் என்று கழித்துவிட்ட பழைய ரைபிள். எத்தனை பேர் தோளில் இருந்ததோ, எத்தனை மழை பார்த்ததோ, அதன் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் தூர்ந்துபோன கிணறு மாதிரி இருக்கும். குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது குண்டுக்கே தெரியாது.

கிளப் செயலாளர் பக்கத்துத் தோட்டமொன்றின் மேனேஜர். தமிழர்தான், ஆனால் தமிழை வேலையாட்களுக்குக் கட்டளையிட மட்டும் வைத்திருந்தார். மாநிலப் போட்டிக்கு நாலு பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கியபோது, டீச்சரையும் ரைபிளையும் ஒன்றாகப் பார்த்து அவர் சொன்னாராம்:

"டீச்சர், இந்த ரைபிள் சண்டையெல்லாம் பாத்து முடிச்சிருச்சு. இதுக்கு ரிட்டையர்மெண்ட் குடுத்துருவோம். நீங்க ஸ்கோர் எழுதுங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும்."

டீச்சர் கிளப் விதியைப் படித்துப் பார்த்தார். ரைபிளைச் சரிசெய்து, தேர்வு நாளில் அது ஒழுங்காகச் சுட்டால் வைத்துக்கொள்ளலாம். சுடாவிட்டால் போலீஸில் ஒப்படைத்து உருக்கிவிடுவார்கள், வேறு ரைபிள் கிடையாது, அணியில் இடமும் கிடையாது. செயலாளர் சிரித்துக்கொண்டே அனுமதிக் கடிதம் கொடுத்தார். ரைபிளோடும் கடிதத்தோடும் டீச்சர் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

"புதுக் குழல் போடணும். முடியுமா?"

நான் வாயைத் திறந்தேன். தவுக்கே பையைத் தட்டினார். நான் வாயை மூடினேன்.

"குழல் கெடைக்கிறது கஷ்டம், டீச்சர்," என்றார் தவுக்கே. "ராணுவக் கிடங்குல பழைய ஸ்டாக் இருக்கான்னு கேட்டுப் பாக்கிறேன். ஒண்ணு கெடைச்சா அதிர்ஷ்டம். ரெண்டாவது கெடைக்காது."

ஒன்று கிடைத்தது. கிரீஸ் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, பிறந்த குழந்தை மாதிரி வந்தது. போலீஸில் பதிவு செய்து பட்டறைக்குள் கொண்டுவருவதற்குள் ஞாயிறன்று தேர்வு நடக்கும் வாரமே வந்துவிட்டது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிய கதையை நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் முதலாளி உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். கொடுக்காவிட்டால் தொடாதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். குழலின் நுனியில் குறி பார்க்கும் முள் நிற்கிறது. குழலைத் துப்பாக்கியின் உடலுக்குள் திருகி முடுக்கி நிறுத்தும்போது அந்த முள் நேராக மேலே பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே நின்றாலும் கோணல், கொஞ்சம் தாண்டினாலும் கோணல்.

நான் அந்த உடலைப் பெஞ்சின் வைஸ் இடுக்கியில் பெஞ்சுக்கு நேராகக் கவ்வவிட்டேன். குழலின் மேல் குறுக்காக ரசமட்டத்தை வைத்தேன். நடுவில் இருக்கும் காற்றுக் குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவே வந்து நிற்கும்வரை முடுக்கினேன். வந்து நின்றது. ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது. தவுக்கே பாதுகாப்புச் சோதனைகளை எல்லாம் தாமே செய்தார். எல்லாம் சரி. "நல்லாருக்கு" என்றார். இரண்டாவது தடவை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் டீச்சரையும் அழைத்துக்கொண்டு, பத்தாங் காலிப் பக்கம் மலையடிவாரத் தோட்டத்துக்குள் இருந்த கிளப் திடலுக்குப் போனோம். புதுக் குழலின் முதல் குண்டை யாரும் தோளில் வைத்துச் சுடக்கூடாது. ரைபிளைச் சட்டத்தில் கட்டி, மண்மேட்டுக்குப் பின்னால் படுத்து, நீளக் கயிற்றால் இழுத்துச் சுட வேண்டும். தவுக்கே கயிற்றை என் கையில் கொடுத்தார். உரிமம் அவர் பெயரில், கயிறு என் கையில். இழுத்தேன். வெடித்தது. எழுந்து பார்த்தால் ரைபிள் அப்படியே இருந்தது, நானும் அப்படியே இருந்தேன்.

பிறகு டீச்சர் படுத்துச் சுட்டார். ஐந்து குண்டு. எல்லாம் ஒரு சாசர் அளவுக்குள் கூட்டமாக விழுந்திருந்தன. பழைய குழல் அந்தக் குண்டுகளை மூன்று மாநிலத்துக்குப் பிரித்து அனுப்பியிருக்கும். நான் குதித்தேன்.

"எங்கே விழுந்திருக்குன்னு பாருங்க, மணியம்," என்றார் டீச்சர்.

சாசர் நடுவில் இல்லை. ஒரு சாணுக்கு இடது பக்கம் இருந்தது.

இதுதான், தம்பிகளே, தங்கைகளே, நம் கையும் வாயும் மூளையை முந்திக்கொண்டு ஓடும் இடம். அந்த முள் குழல்மேல் வெட்டிய ஒரு சின்னக் காடிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தியால் இடது பக்கம் மெல்லத் தட்டினால் குண்டுகள் வலது பக்கம் நகரும். இது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நான் தட்டினேன். குண்டுகள் கொஞ்சம் நகர்ந்தன. இன்னும் தட்டினேன். இன்னும் கொஞ்சம். முள் காடியின் ஓரத்துக்கே போய், பஸ் படிக்கட்டில் தொங்கும் ஆள் மாதிரி ஒண்டிக்கொண்டு நின்றது. குண்டுகள் நடுவுக்கு வர இன்னும் நாலு விரல் பாக்கி இருந்தது.

"காடிய கொஞ்சம் அராவி அகலப்படுத்திட்டா வந்துரும், தவுக்கே," என்றேன். அரத்தைக்கூட எடுத்துவிட்டேன்.

தவுக்கே அரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"ஏன் இடது பக்கம் போகுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. தெரியாம அராவாதே."

"ஞாயித்துக்கிழமை தேர்வுலா, தவுக்கே."

"அராவினத மறுபடி ஒட்ட முடியாது. குழல் ஒண்ணுதான்."

செயலாளர் தூரத்தில் கார்க் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ரைபிளைப் பையில் வைத்து மூடியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், காரில் ஏறிப் போனார். டீச்சர் தவுக்கே காரின் பின் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கோலா சிலாங்கூர் வரும்வரை ஜன்னல் வழியே எண்ணெய்ப்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் சேர்த்துவைத்திருந்த நகைச்சுவைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று தெரியும்.

வியாழக்கிழமை முழுவதும் தவுக்கே குழலை உருட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழல் வளையவில்லை. உள்ளே ஒரு குறையும் இல்லை. உடலிலும் குறை இல்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம், குமிழி நடுவிலேயே சிரித்துக்கொண்டு நின்றது. எல்லாமே சரியாக இருந்தது, குண்டைத் தவிர.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் பஸ் பிடித்து வந்தார். உள்ளே ரைபிள் இருக்கும்போது கம்பிக் கதவைத் திறந்துவைக்கக் கூடாது என்பதால், அவர் உள்ளே வந்ததும் பூட்டினேன். அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். தவுக்கேயின் மனைவி பால் சேர்க்காத கோப்பி ஓ கொண்டுவந்து வைத்தார். டீச்சர் குடிக்கவில்லை. பட்டறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகப் பார்க்கும் பார்வை. அது கடைசியில் என் பெஞ்சில் வந்து நின்றது.

"அந்தக் கட்டை எதுக்கு, மணியம்?"

பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். "அதுவா டீச்சர், அது என் ஐடியா. ஆணி, ஸ்க்ரூ, ஸ்பிரிங் எல்லாம் உருண்டு கீழ விழுந்துக்கிட்டே இருந்துச்சு. தேடித் தேடி முட்டி தேஞ்சு போச்சு. இந்தக் கட்டைய அடிச்சேன், இப்ப எல்லாம் வந்து இதுல முட்டி நின்னுரும். தவுக்கேவே நல்லாருக்குன்னாரு."

"நான் பெஞ்சத்தான் நல்லாருக்குன்னேன்," என்றார் தவுக்கே.

டீச்சர் கட்டையையே பார்த்தார்.

"ஏன் உருளுது?"

சந்தைப் பக்கம் ஒரு லோரி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

தவுக்கே மெதுவாகத் திரும்பித் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் அம்மா மீன் கழுவிய தரை. கழுவிய தண்ணீர் தேங்காமல் இடது சுவரோரம் இருக்கும் லோங்காங் சாக்கடைக்கு ஓடிவிட வேண்டும் என்று கொத்தனார் சரிவாகப் பூசிய தரை. அந்தச் சரிந்த தரையில், மயிரிழை வித்தியாசம் இல்லாமல், நாலு காலையும் ஒரே உயரத்தில் அறுத்த என் பெஞ்சு. தரை எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவு துல்லியமாகப் பெஞ்சும் சாய்ந்திருந்தது.

உங்களில் கெட்டிக்காரர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். துப்பாக்கியின் உடலைப் பெஞ்சுக்கு நேராகக் கவ்வினேன், ஆகவே அது பெஞ்சோடு சேர்ந்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. குழலை ரசமட்டம் வைத்துப் பூமிக்கு நேராக நிறுத்தினேன். ஒன்று லோங்காங்கைப் பார்த்தது, ஒன்று வானத்தைப் பார்த்தது. ரைபிளைத் தோளில் வைத்து அதன் உடலை நிமிர்த்தினால் முள் வலது பக்கம் சாய்ந்துகொள்ளும், குண்டு இடது பக்கம் போகும். லோங்காங் இருக்கும் பக்கம். என் வேலை அவ்வளவு விசுவாசமாக இருந்தது. ஷாட்கன்களில் இது தெரியவே தெரியாது. பன்றிகள் புகார் செய்வதில்லை.

நான் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பெஞ்சின் வலது ஓரத்தில் வைத்தேன். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு நிதானமாக உருண்டு வந்து கட்டையில் முட்டி நின்றது. பல வருஷமாக அது என்னிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதன் வாயில் கட்டை அடித்தேன்.

"தவுக்கே," என்றேன், "என்னைய உருக்குறதுக்குப் போலீஸ்ல ஒப்படைச்சிருங்க."

"பெறகு. இப்ப கட்டையப் பிடுங்கு."

பிடுங்கினேன். அதையே துண்டு துண்டாக அறுத்து, இடது பக்கத்து இரண்டு காலுக்கும் அடியில் கொடுத்தோம். பெஞ்சின் மேல் ரசமட்டத்தை முதன்முறையாக வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவுக்கு வந்தது. ஆனால் தவுக்கே அதோடு விடவில்லை. உடலின் மேல் ஒரு ரசமட்டம், குழலின் மேல் ஒரு ரசமட்டம். இரண்டு குமிழியையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்றார். பெஞ்சை நம்பாதே, தரையை நம்பாதே, என்னையும் நம்பாதே என்பது அவர் கட்டளை. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும், மீதியை மறந்துவிடுங்கள்.

இரண்டு குமிழிகளும் ஒத்துப்போகவில்லை. குழல் இன்னும் ஒரு மயிரிழை இறுக வேண்டியிருந்தது. நல்ல காலம், தாண்டிப் போகவில்லை. தாண்டியிருந்தால் திரும்ப வரமுடியாது. நான் முடுக்கியின் நீளக் கைப்பிடியைப் பிடித்தேன். டிராக்டர் பட்டறை ரத்தம் கையில் ஏறியது. ஏற்கெனவே இறுகியிருந்த குழல், அதிகமாக அழுத்தினால் தாண்டிவிடும், ஒரே குழல், நாளை மறுநாள் தேர்வு. டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

தவுக்கே பையைத் தட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் திருகாணித் தலையை எடுத்து, என் முன்னால், பெஞ்சின் மேலேயே வைத்தார். அது உருளவில்லை.

"டிராக்டர் சக்கரம் இல்லலா," என்றார் மெதுவாக. "குமிழியப் பாரு. கையப் பாக்காதே."

குமிழியைப் பார்த்தேன். மூச்சு விட்டேன். அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றும் இல்லை. பிறகு, கோழிக்குஞ்சு முட்டைக்குள் அசைவது மாதிரி ஓர் அசைவு. உடனே கையை எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நானாகவே கையை எடுத்தது அன்றுதான். இரண்டு குமிழிகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

தவுக்கே பாதுகாப்புச் சோதனைகளை மறுபடி முதலிலிருந்து செய்தார். சரி. இனித் திடல் ஞாயிறு காலைதான் திறக்கும், ஆகவே சுட்டுப் பார்க்க வழியில்லை. டீச்சர் ஆறிப்போன கோப்பியைக் குடித்தார். நான் சந்தோஷத்தில் கடைக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் மீ கோரெங் வாங்கி வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வேலையை மறந்தேன் என்பது எனக்கு ஞாயிறு காலை தெரிந்தது.

ஞாயிறு. மலையடிவாரத்தில் பனி விலகவில்லை. கிளப் ஆட்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். தேவாலயத்துக்கு அன்று விடுப்புச் சொல்லிவிட்டு டீச்சரும் வந்து படுத்தார். குறியைச் சரிபார்க்க ஆளுக்கு இரண்டு குண்டு, பிறகு கணக்கில் சேரும் குண்டுகள். சுட்டதும், எதிரே குழிக்குள் இருப்பவர்கள் குண்டு பட்ட இடத்தில் ஒரு வட்டத் தட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் தவுக்கேயும் பின்னால் நின்றோம். செயலாளர் தம் முறையை முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

டீச்சர் முதல் குண்டைச் சுட்டார். தட்டு எழுந்தது. நடுவில் இல்லை.

வலது பக்கம். எட்டு விரல்.

"இந்தத் தடவை அந்தப் பக்கமா?" என்றார் செயலாளர். "பரவாயில்ல, மாத்தி மாத்திப் போகுது."

புதன்கிழமையாக இருந்திருந்தால் என் கை அரத்தைத் தேடியிருக்கும். அன்று தேடவில்லை. ஏன் என்று கேள் என்று எனக்குள் ஒரு கணக்கு டீச்சர் சொன்னார். ஏன் வலது பக்கம்? இடது பக்கம் போன குண்டை வலது பக்கம் இழுக்க நான்தானே முள்ளைக் காடி ஓரத்துக்குத் தட்டினேன். கோணலை நிமிர்த்திவிட்டோம், முள்ளை நடுவுக்குக் கொண்டுவரவில்லை. மீ கோரெங் சாப்பிடப் போய்விட்டோம்.

"சார், ஒரு நிமிஷம் வேணும்," என்றேன்.

"ஒரே நிமிஷம்," என்றார் அவர்.

டீச்சர் ரைபிளைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு என்னிடம் தந்தார். என் முகத்தைப் பார்த்தார். "காரணம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும் டீச்சர். நான்தான் காரணம்."

"அப்ப சரி," என்றார்.

முள்ளின் அடியில் ஒரு கோடு, காடியின் நடுவில் ஒரு கோடு. இரண்டும் சேரும்வரை தட்டினேன். சுத்தியைக் கீழே வைத்தேன். தவுக்கே குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதைத் திரும்ப என் முன்னால் வைக்கவும் இல்லை.

இரண்டாவது குண்டு. தட்டு எழுந்தது. கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் எழுந்து, தொப்புளில் பொட்டு வைத்த மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கு உண்மையான வடிவத்தைச் சொல்கிறேன். டீச்சர் அவசரப்படவில்லை. ஒரு குண்டு, ஒரு மூச்சு, ஒரு குண்டு. தட்டு எழுந்த இடத்திலேயே எழுந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர்கள் தங்கள் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு குண்டு கொஞ்சம் மேலே போனது. அப்போது ஒரு கொசு கடித்தது என்று பிறகு சொன்னார். குழியிலிருந்து எண்ணிக்கை வந்து பலகையில் எழுதியபோது டீச்சர் பெயர் முதலில் இருந்தது. ராணுவம் கழித்த கிழட்டு ரைபிள், இறக்குமதியான புது ரைபிள்கள் எல்லாவற்றுக்கும் மேலே. செயலாளர் பெயர் நாலாவதாக, அணியின் கடைசி இடத்தில், தொங்கிக்கொண்டு இருந்தது. பஸ் படிக்கட்டு ஆள் மாதிரி.

அவர் நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிட வேண்டும். நேராக டீச்சரிடம் போய்க் கை கொடுத்தார். "டீச்சர், ஸ்கோர் எழுத வேற ஆள் தேடணும் போல," என்றார். டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தவுக்கே ரைபிளை வாங்கி, குழலைத் துணியால் துடைத்து, என் பக்கம் திரும்பி, "நல்லாருக்கு" என்றார். மூன்றாவது தடவை. அந்த மூன்றாவதை மட்டும்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

திடலின் ஓரத்தில், புல்வெளியில், கூடாரம் போட்டுச் சாப்பாடு வைத்திருந்தார்கள். நாசி லெமாக், கோழி, ஆரஞ்சு பாட்டில்கள். டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. புதன்கிழமையிலிருந்து அடக்கி வைத்த பேச்சு எல்லாம் வந்தது. மேசையைச் சுற்றி நின்ற கிளப் ஆட்களுக்குச் சரிவைப் பற்றிச் சொன்னேன், குமிழியைப் பற்றிச் சொன்னேன், காரணம் தெரியாமல் கை வைக்கக் கூடாது என்று பாடம் நடத்தினேன். தவுக்கே கோழிக்காலைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எந்தக் கோணலும் என் கண்ணுக்குத் தப்பாது, டீச்சர்," என்றேன். "அந்தக் கட்டை என் கண்ணத் தெறந்துருச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் படுக்க வைத்திருந்த காலி ஆரஞ்சு பாட்டில் மேசையின் ஓரம் நோக்கி உருள ஆரம்பித்தது. பேச்சை நிறுத்தாமல் பிடித்தேன். திரும்ப வைத்தேன். மறுபடி உருண்டது. மறுபடி பிடித்தேன். பிறகு, பேச்சு தடைபடாமல் இருக்க, ஒரு கரண்டியையும் ஒரு முள்கரண்டியையும் எடுத்து மேசையின் ஓரத்தில் வரிசையாக வைத்து, பாட்டிலை அதில் முட்டி நிற்கவிட்டேன். நின்றது. திருப்தியாக நிமிர்ந்தேன்.

டீச்சர் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மேசைக் காலப் பாருங்க, மணியம்."